பாதிரியார் கதைகளும் பல்செட்டு அத்தானும்

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் பல்செட்டுக்காரர். அவர் செய்த செட்டைப் போட்டுக்கொண்டு நன்றாக மென்று சாப்பிடுகிறவர்கள் மட்டும் மரியாதை கூட்டி டாக்டர் என்பார்கள். “நான் டாக்டர் இல்லீங்க. அவரு வாய்க்குள்ள கை விடுவாரு. எனக்கு வாயே தேவையில்லை, அச்சு வந்தாப் போதும்” என்று அவரும் சலிக்காமல் ஒவ்வொரு தடவையும் திருத்துவார். எனக்கு அவர் அத்தான்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் பட்டறை. பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சுகளை அனுப்புவார்கள். அத்தான் அவற்றில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி ஈறின் வடிவத்தை எடுப்பார். அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக அடுக்குவார். பிறகு இரும்புப் பெட்டிக்குள் வைத்து இறுக்கி, வெந்நீரில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் இளஞ்சிவப்பு மாவை அடைத்து வேகவைப்பார். வெந்து வந்த செட்டை அராவி, சுழலும் துணிச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுவது என் வேலை. சுவர் முழுக்கப் பலகைகள். பலகைகள் முழுக்க வாய்கள். புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். “வாங்க, வாங்க, ஒண்ணும் கடிக்காது” என்பாள் அக்கா.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். அம்மா படுத்த படுக்கையானபோது வீட்டில் ஒருத்தி இருக்கவேண்டியிருந்தது. அம்மாவுக்குப் பிறகு அக்கா என்னைத் தன்னோடு அழைத்துக்கொண்டாள். நான்கு பேர் உள்ள இடத்தில் எனக்கு வாய் திறக்காது. எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்துவிடுவேன். இந்தப் பழக்கம் எப்படி அத்தானுக்கு உதவியாயிற்று என்பதைச் சொல்ல, முதலில் பாதிரியாரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அத்தான் இளம் வயதில் வேலை பழகிய பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் பழைய துப்பறியும் கதைப் புத்தகம் ஒன்று கிடந்ததாம். மலைக்கிராமத்துச் சின்னக் கோயில் ஒன்றின் பாதிரியார்தான் எல்லாக் கதைகளிலும் துப்பறிகிறவர். அவருக்கு ஆண்டு முழுவதும் சளி. அங்கியின் பையில் எப்போதும் மூன்று கைக்குட்டைகள். மூக்கு அடைத்தே கிடப்பதால் கண்ணால் அதிகம் பார்ப்பார். போலீஸார் வீட்டைப் புரட்டிப்போட்டுத் தேடும்போது இவர் ஒரு மூலையில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். யாரையும் கைநீட்டிக் காட்டமாட்டார். கடைசியில் குற்றம் செய்தவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “நீ தூங்கி எவ்வளவு நாளாச்சு?” என்று கேட்பார். அவ்வளவுதான். அவர்களாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

அந்தப் புத்தகத்தில் மணிக்கூண்டுக் கதைக்கு மட்டும் கடைசிப் பக்கங்கள் இல்லை. பல் வலியோடு காத்திருந்த யாரோ கிழித்து எதற்கோ பயன்படுத்திவிட்டார்கள். கொலைகாரன் யார் என்று தெரியாமல் அத்தான் பல காலம் தவித்திருக்கிறார். பழைய புத்தகக் கடையில் முழுப் புத்தகம் கிடைத்ததற்கு மறுநாள்தான் அவர் அக்காவை முதல்முதலாகச் சந்தித்தார். “என் மூஞ்சியைப் பார்த்து இவரு பேசின முதல் பேச்சு என்ன தெரியுமா? ‘யாருன்னு தெரிஞ்சுபோச்சுங்க!’ நான் பயந்தேபோயிட்டேன். நம்ம வீட்டுல எதையாவது கண்டுபிடிச்சுட்டாரோன்னு” என்று அக்கா இன்னமும் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் பகுதிக்கு நான்கே பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை உண்டு. வாடகைக்கு வீடு, காணாமல்போன நாய், தண்ணீர் வராத நாள் இவையெல்லாம் அதில் வரும். அச்சகம் வைத்திருப்பவரே ஆசிரியர். அதன் மூன்றாம் பக்கத்தில் அத்தான் மதிப்புரை எழுதுகிறார். எழுதுவது பாதிரியார் கதைகளைப் பற்றித்தான். கதைகளை அல்ல, அவை வேறு வேறு உருவம் எடுத்து வருவதை. வானொலி நாடகமாக, சினிமாவாக, தொலைக்காட்சித் தொடராக, படக்கதையாக, குறுந்தகட்டில் வாசிப்பாக. அந்தப் பாதிரியாரை விட்டுவைத்தவர்கள் யாருமில்லை. பழையது மறுபடி வந்தாலும் அத்தான் மறுபடி எழுதுவார். எதற்கும் மூன்று கைக்குட்டைக்கு மேல் மதிப்பெண் கிடையாது, பாதிரியாரிடம் இருப்பதே மூன்றுதானே.

அவர் எழுதுவது எப்படி இருக்கும் என்றால், வானொலி நாடகத்தைப் பற்றி இப்படி எழுதினார்: “கண்ணுக்குத் தெரியாத ஒரு மூக்கு இவ்வளவு நன்றாக நடித்து நான் கேட்டதில்லை. யோசிக்கும்போது உறிஞ்சுகிறது, கண்டுபிடித்ததும் நின்றுவிடுகிறது.” அதற்கு மூன்று கைக்குட்டை. சினிமாவுக்கு ஒன்று. “கதாநாயகனுக்குச் சளியும் இல்லை, பாதிரியாருக்கு உரிய நிதானமும் இல்லை. கூரை கூரையாகத் தாவுகிறார். ஏழைக் கிராமத்துப் பாதிரியாருக்கு இத்தனை வெள்ளையாக மேல்வரிசைப் பல்லை யார் கட்டிக்கொடுத்தார்கள் என்பதுதான் படத்தில் விளங்காத மர்மம்.” தொலைக்காட்சித் தொடருக்கு ஒன்றும் இல்லை. “சில பக்கக் கதையைப் பல மாதம் இழுத்தார்கள். செத்தது யார் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. நடுவில் பாதிரியாரின் தங்கை என்று ஒருவர் வந்து அழுதுவிட்டுப் போனார். கதையில் அவருக்குத் தங்கையே கிடையாது.” படக்கதைக்கு இரண்டு. கைக்குட்டைகளை அழகாக வரைந்திருக்கிறார்களாம், ஆனால் முதல் கட்டத்திலேயே கொலைகாரனின் புருவம் வளைந்திருக்கிறதாம். “புருவத்தை வைத்தே கைது செய்திருக்கலாம்.”

எல்லா மதிப்புரைக்கும் அடியில் ஒரு வரி வரும். “பக்கத்தில் இருந்தவர் கண்டுபிடித்த இடம்: இடைவேளைக்குச் சற்று முன்.” அல்லது, “தோட்டக்காரர் செருப்பைக் கழற்றும்போது.” அல்லது, “கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. பலே!” மதிப்புரையைப் படிக்காதவர்கள்கூட அந்த ஒரு வரியைப் படிப்பார்கள் என்று ஆசிரியர் சொல்லுவார்.

பக்கத்தில் இருந்தவர் நான்தான்.

அத்தானுக்கு எல்லாக் கதையும் மனப்பாடம். அதனால் ஒரு நாடகமோ படமோ குற்றவாளியை நன்றாக மறைத்திருக்கிறதா, சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிட்டதா என்று அவரால் சொல்ல முடியாது. கதை தெரியாத ஒருவர் வேண்டும். நான் ஒன்றையும் படித்ததில்லை. அதனால் எங்கே போனாலும் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காரவைத்து என் முகத்தைப் பார்ப்பார். யார் என்று புரிந்த நொடியில் நான் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வேனாம். எனக்கு அது தெரியவே தெரியாது. அவர் நாள் முழுக்க வாய்களோடு பழகுகிறவர் அல்லவா, அவர் கண்ணுக்கு அது தப்பாது. வானொலி கேட்கும்போதும் அப்படித்தான். அக்கா துணி மடிப்பாள், நான் வானொலியைப் பார்ப்பேன், அத்தான் என்னைப் பார்ப்பார்.

இதற்காகவே வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எந்தக் கதையிலும் யார் செய்தது என்பதை என் காதுபட யாரும் சொல்லக்கூடாது. அந்தப் புத்தகங்களை நான் தொடக்கூடாது. எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. கூட்டம் என்றாலே கை வியர்க்கிற எனக்கு, அரங்கத்தில் போய் உட்கார ஒரு காரணம் கிடைத்தது. நான் எதுவும் பேசவேண்டியதில்லை, முகம் இருந்தால் போதும். வேறு எந்த வேலைக்கு அப்படி ஒருத்தியைக் கூப்பிடுவார்கள்?

சில மாதங்களுக்கு முன்பு எனக்குக் காய்ச்சல். ஒரு பழைய பாதிரியார் படத்தைப் புதுப்பித்துத் திரையிட்டார்கள், என்னால் போக முடியவில்லை. ஆள் இல்லாமல் எழுதமாட்டேன் என்று அத்தான் அந்த வாரம் எதுவும் கொடுக்கவில்லை. ஆசிரியர் கோபத்தில் மூன்றாம் பக்கத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். அவர் எல்லாப் படத்தைப் பற்றியும் எழுதுவார், எழுதும்போது இரண்டாவது பத்தியிலேயே முடிவைப் போட்டு உடைத்துவிடுவார். அத்தான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் முடிவுக்காரர். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று அத்தான் சாப்பிடவில்லை.

“அண்ணே, எனக்குப் பக்கம் காலியா விடமுடியாது” என்று ஆசிரியர் நேரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். “இன்னொரு தடவை இப்படிக் கைய விரிச்சீங்கன்னா அந்தப் பக்கம் அவருக்குத்தான். அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு.”

அந்தச் சமயத்தில்தான் மணிக்கூண்டு நாடகம் வந்தது. அதுவரை அந்தக் கதையை யாரும் எந்த உருவத்திலும் எடுத்ததில்லை. ஒரு சிறிய நாடகக் குழு, நகராட்சி அரங்கத்தில், ஒரு வாரத்துக்குச் சாயங்கால நேரத்தில் நடத்துவதாகச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அத்தான் சுவரொட்டியின் முன்னால் நின்றதை நான் பார்த்தேன். கல்யாணச் செய்தி கேட்ட தகப்பன் மாதிரி நின்றார். சந்தோஷமும் இருந்தது, என்ன செய்துவைக்கப் போகிறார்களோ என்ற பயமும் இருந்தது. இரண்டு டிக்கெட் வாங்கினார். அன்று முதல் வீட்டில் வேறு பேச்சு இல்லை. மணி உண்மையான மணியா, ஒலிநாடாவா? கூண்டை மேடையில் எப்படிக் கட்டுவார்கள்? படி எத்தனை உயரம்?

நாடகத்துக்கு முதல் நாள் காலை, ஒரு டாக்டருக்கு அவசரமாகப் போகவேண்டிய செட்டு பெட்டிக்குள் வெந்து முடிந்திருந்தது. பெட்டி தானாக ஆறவேண்டும். சூட்டோடு திறந்தால் செட்டு நெளிந்துவிடும். இது பட்டறையில் முதல் நாள் கற்றுக்கொள்கிற பாடம். அத்தான் கூண்டின் படியைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டே திருகைக் கழற்றித் திறந்துவிட்டார். எடுத்துப் பார்த்தால் மேல்வரிசை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, யாரையோ பார்த்து இளிக்கிற மாதிரி இருந்தது.

அக்கா உள்ளே இருந்து வந்தாள். செட்டு எங்கே என்று விடிந்ததில் இருந்து டாக்டர் அவளுக்குத்தான் போன் செய்துகொண்டிருந்தார்.

“என்னங்க இது?”

“கொஞ்சம் நெளிஞ்சுபோச்சு.”

“கொஞ்சமா? இதப் போட்டுக்கிட்டா அந்த மனுஷன் சாவு வீட்டுலகூடச் சிரிச்சுக்கிட்டுதான் நிக்கணும். ஆறுறதுக்கு முன்னாடி யாராச்சும் திறப்பாங்களா?”

“மறந்துட்டேன். அந்தக் கூண்டுப் படி...”

“கூண்டு! கூண்டு! ஒரு வாரமா இதே பாட்டு!” அக்காவின் குரல் ஏறியது. “அந்த வெந்நீர் கொண்டுவர்ற கெழவன்தான் தள்ளிவிட்டான். முடிஞ்சுதா? போய் வேலையப் பாருங்க!”

சொல்லி முடித்ததும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். துணிச் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன். அத்தான் கையில் நெளிந்த செட்டோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“போச்சு” என்றார் மெதுவாக. “உதட்டை மடிச்சுட்டா.”

அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஏய், நீ கேக்கலைல்ல? கேக்கலைன்னு சொல்லுடி.”

எப்படிச் சொல்வது? கேட்டுவிட்டேனே.

அன்று மத்தியானம் முழுக்க ஆள் தேடினார்கள். எதிர்வீட்டு நர்ஸ் கதையைப் படித்திருந்தார், அத்தான் கொடுத்த புத்தகம்தான். மாடியில் இருக்கும் வாத்தியாரும் அப்படியே. தெருமுனைக் கடைக்காரரிடம் கேட்டால், “அந்த வெந்நீர்க் கிழவன் கதைதானே?” என்று கடைக்கு வெளியே கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார். இவ்வளவு காலமாக அத்தான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் புத்தகத்தைத் திணித்ததில், தெருவில் கதை தெரியாத ஆள் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

“நான் வரவா?” என்றாள் அக்கா, பாவமாக.

“நீதானே சொன்னவ.”

“மறந்துடறேன்.”

“வருஷக்கணக்குல எத்தனையோ மறந்திருக்க. இதை மறக்கமாட்ட.”

நான் துணிச்சலைக் கூட்டிக்கொண்டு சொன்னேன். “அத்தான், நானே வரேன். தெரியாத மாதிரியே உக்காந்துக்கறேன். கடைசியில உதட்டை மடிக்கறேன். நீங்க எழுதிடுங்க.”

அவர் கொஞ்சம் சிரித்தார். “நான் பொய்ப்பல் கட்டறவன்தாம்மா. பொய் எழுதமாட்டேன்.”

ஆனாலும் டிக்கெட் வீணாக வேண்டாம் என்று மறுநாள் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரை கொடுக்காவிட்டால் பக்கம் முடிவுக்காரருக்குப் போய்விடும். அதுதான் வழியெல்லாம் அவர் மனதில் இருந்திருக்கும். என் மனதில் வேறொன்று. கதை தெரிந்த முகத்தை வைத்துக்கொண்டு இனி நான் எதற்கு? இதுதான் கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நாடகம் தொடங்கியது. கோயில் வளாகம், நடுவில் மரத்தால் கட்டிய கூண்டு, வளைந்து ஏறும் குறுகலான படி. பாதிரியாராக நடித்தவர் ஒல்லியாக, மூக்கு சிவந்து, பார்த்தாலே நமக்குத் தும்மல் வருகிற மாதிரி இருந்தார். கோயிலைப் பெருக்கி, மணியும் அடிக்கிற கிழவர் காலையில் அவருக்கு வெந்நீர் கொண்டுவருகிறார். பாதிரியார் உட்கார்ந்த இடத்திலேயே, படித்துக்கொண்டிருந்த தாளில் இருந்து கண்ணை எடுக்காமல், கையை நீட்டி வாங்கிக்கொள்கிறார். பிறகு ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் கூண்டின் அடியில் செத்துக் கிடக்கிறார். மணி தானாக அடித்தது என்று ஊரார் பதறுகிறார்கள். போலீஸ் அதிகாரி வருகிறார், வாத்தியாரின் தம்பிமேல் சந்தேகப்படுகிறார்.

எப்போதும் நான் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து யார், யார் என்று தேடிக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை எனக்குத் தேட ஒன்றுமில்லை. அதனால் கிழவரையும் பாதிரியாரையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவு நடந்த மறுநாள் காலை, அதிகாரி எதையோ விளக்கிக்கொண்டிருக்கிறார். கிழவர் வழக்கம்போல வெந்நீரோடு வருகிறார். பாதிரியார் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதிகாரி பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் அடுத்த காட்சியிலும் கிழவர் வந்தார், பாதிரியார் எழுந்தார். அதற்கு அடுத்ததிலும். அந்தத் தடவை கிழவர் கோப்பையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பாதிரியார் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து நின்றார். ஏதாவது சொல்லுவாயா என்று கேட்கிற மாதிரி. கிழவர் திரும்பிப் போனார்.

என்னால் அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்தது.

அத்தான் என் பக்கம் குனிந்தார். “என்ன? அதுக்குள்ள காட்டிக் குடுத்துட்டாங்களா?”

“இல்லத்தான்.”

“அப்புறம் ஏன் அழற? இன்னும் பாதி நாடகம் இருக்கு!”

முன்வரிசையில் இருந்தவர் திரும்பி முறைத்தார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். கடைசிக் காட்சியில் கிழவரே வந்து பெஞ்சில் உட்காருகிறார். பாதிரியார் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தூங்கி எவ்வளவு நாளாச்சு என்று கேட்கிறார். பழைய மணியை எடுத்துவிட்டு மின்சார மணி வைக்கவேண்டும் என்று வாத்தியார் பிடிவாதம் பிடித்ததும், கூண்டுப் படியில் வாய்ச்சண்டை வந்ததும், கை பட்டு அவர் சரிந்ததும், பிடித்துக்கொள்ளக் கிடைத்த கயிற்றில் கிழவர் தொங்கியதால் மணி அடித்ததும், எல்லாம் அவர் வாயாலேயே வெளிவந்தன.

வெளியே வந்து நடக்கும்போது அத்தான் மறுபடி கேட்டார். “ஏம்மா அழுத?”

“அவரு எழுந்து நின்னாரே, அதான்.”

“யாரு?”

“பாதிரியாரு. முன்னாடி உக்காந்தே வாங்கிக்கிட்டாரு. வாத்தியார் செத்த அப்புறம் கெழவர் வரும்போதெல்லாம் எழுந்திரிச்சாரு. அன்னிக்குக் காலையிலேயே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு அத்தான். கெழவரா சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருக்காரு. நமக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தாத்தான் அது கண்ணுல படும்.”

அத்தான் நடுத்தெருவில் நின்றுவிட்டார். “எழுந்து நின்னாரா?”

“நீங்க பாக்கலையா?”

அவர் முகத்தில் அசடு வழிய, “நான் எங்க மேடையப் பார்த்தேன்? உன் மூஞ்சியத்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன்” என்றார்.

“எல்லா நாடகத்துலயுமா?”

“முக்கியமான இடத்துல எல்லாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருவில் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் இல்லை நான். அத்தானும் சிரித்தார். இத்தனை நாடகம், இத்தனை படம், முக்கியமான இடத்தில் எல்லாம் மனுஷன் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்து மணிக்கூண்டுக் கதையை வரி வரியாகப் புரட்டினார். வெந்நீர் வருகிறது, பாதிரியார் குடிக்கிறார், அவ்வளவுதான் இருந்தது. எழுந்து நின்றதாக ஒரு வார்த்தை இல்லை. “கதையில இல்ல” என்று அவர் முணுமுணுத்தார். “ஆனா இருந்திருக்கணும்.” மறுநாள் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார்.

“ஒரே கொலைய ரெண்டு தடவை பாக்கப் போறாராம்” என்றாள் அக்கா. ஆனால் தடுக்கவில்லை. கதையைப் போட்டு உடைத்த நாள் முதல் அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தே இருந்தது.

திரும்பி வந்தவர் நேராகப் பட்டறை மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை காலை என்னையும் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போனார். ஆசிரியர் நின்றபடியே படித்தார்.

அதில் ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன். “ஒரு கதையை மேடைக்கோ திரைக்கோ கொண்டுவருகிறவர்கள் அதில் இல்லாததைச் சேர்த்தால் எனக்குக் கோபம் வரும். இல்லாத தங்கையை அழவைத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இந்த நாடகத்திலும் கதையில் இல்லாத ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு மனிதர் எழுந்து நிற்கிறார். அவ்வளவுதான். எப்போது, யாருக்காக என்று நான் சொல்லமாட்டேன். கதை தெரியாதவர்கள் ஒரு தடவை பாருங்கள். பார்த்தவர்கள் இன்னொரு தடவை போய் அதை மட்டும் பாருங்கள். முதல் தடவை நானே அதைக் கோட்டைவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்தான் பார்த்தார்.” மூன்று கைக்குட்டை.

ஆசிரியர் தாளைத் திருப்பிப் பார்த்தார். “எங்கண்ணே அந்தக் கடைசி வரி? கண்டுபிடிச்ச இடம்?”

“இந்தத் தடவை கிடையாது. இவளுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. வீட்டுல ஒரு விபத்து.”

“அந்த வரிக்காகத்தானே பாதிப் பேரு பத்திரிகை வாங்குறான்? வேற ஆள் கிடைக்கலையா?”

“ஊருல கதை தெரியாதவன் யாருங்க இருக்கான்?”

“ஏன், எனக்கே தெரியாது” என்றார் ஆசிரியர்.

அத்தான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நான் இத்தனை காலமா உங்க பத்திரிகையில எழுதறேன். நீங்க ஒரு கதைகூடப் படிச்சதில்லையா?”

“அச்சடிக்கிறதுக்கே நேரம் பத்தல. படிக்கிறதுக்கு எங்க போறது?”

திட்டப்போகிறார் என்று நான் நினைத்தேன். ஆனால் அத்தானின் கண் அவருடைய வாயின்மேல் போய் நின்றது. நல்ல அச்சு கைக்கு வந்தால் பார்க்கிற பார்வை அது.

ஆசிரியர் அரைமனதாகத்தான் அந்த வாரம் கட்டுரையைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வெளிவந்த பிறகு பட்டறை வாசலில் ஆள் வர ஆரம்பித்தது. “யாருங்க எழுந்து நிக்கறாரு?” என்று பார்க்காதவர்கள் கேட்டார்கள். “பார்த்துட்டேன்! பார்த்துட்டேன்!” என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எதிர்வீட்டு நர்ஸ் இரண்டாவது தடவை போய் அழுதுவிட்டு வந்தார். நெளிந்த செட்டுக்குப் பதிலாகப் புதுச் செட்டு வாங்கிக்கொண்டவர்கூட, அந்தப் புதுப் பல்லோடு நாடகம் பார்த்துவிட்டு வந்து அக்காவிடம் ஒரு மணி நேரம் பேசினார். அரங்கத்தில் மேலும் சில நாட்களுக்கு நாடகத்தை நீட்டித்தார்கள். முடிவுக்காரருக்கு ஆசிரியர் சமையல் குறிப்புப் பகுதியைக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. அதில் முடிவை முதலிலேயே சொன்னாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

அந்த வாரமே அத்தான் ஒரு புத்தகத்தை என் சக்கரத்தின் பக்கத்தில் வைத்தார். “படி. இனிமே தெரிஞ்சுக்கிட்டே வா” என்றார். எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். செட்டு வேகிற நேரத்தில் ஒரு பக்கம், பிளாஸ்டர் இறுகுகிற நேரத்தில் ஒரு பக்கம் என்று நகர்த்துகிறேன். சில இடங்களில் பாதிரியார் தும்மும்போது எனக்கும் தும்மல் வருகிறது, அது பிளாஸ்டர் தூளாகவும் இருக்கலாம். அக்கா போகிறபோக்கில் எட்டிப்பார்த்து, “அந்தத் தபால்காரன எதுக்கும் கவனிச்சுக்கோ” என்பாள். அவளுக்கு இப்போது வாய்ப்பூட்டு இல்லை.

போன வாரம் புதுப் பாதிரியார் படம் ஒன்று வந்தது. மூன்று டிக்கெட். அத்தானின் ஒரு பக்கம் நான், மறு பக்கம் ஆசிரியர். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஆசிரியர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அத்தான் திரையைப் பார்த்தார், அவ்வப்போது மட்டும் ஆசிரியரின் வாயைப் பார்த்தார். கொலைகாரி சமையல்காரி. கதையைப் படித்து முடித்திருந்ததால் நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொலைக்குப் பிறகு கத்தியை அவள் ஒரு தடவைகூடக் கூர்ப்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வைக்கவில்லை. அதை அத்தானிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் விளக்கு எரிந்ததும் ஆசிரியர் எங்கள் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த டாக்டர்தாண்ணே. சந்தேகமே இல்ல. அந்தச் சமையல்காரிதான் பாவம், நல்ல பொம்பள.”

“அப்படிங்களா?” என்றார் அத்தான்.

நானும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.